கடைசிச் சுரம் யாருடையது

எங்கள் மாவட்டத்து மேடை இசைக்காரர்கள் சேர்ந்து இந்த ஆண்டு ஒரு மலர் கொண்டு வருகிறார்கள். அதற்கு லீட் கிட்டார் பற்றி நான்கு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் ஏனாத்தூரில் படித்து முடித்துவிட்டு இப்போது சொந்தமாகக் குழு நடத்துகிறவர்கள்.

"சார், ஆர்பெஜியோ, ஸ்கேல் ரெண்டையும் வெச்சிக்கினு லிக் எப்படிக் கட்டறதுன்னு எழுதுங்க. மொபைலைத் திறந்தா ஆயிரம் பேர் சொல்லித் தராங்க. ஸ்டேஜ்ல நின்னவங்க யாரும் சொல்றதில்ல" என்றார் ஒருவர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் நின்றவன் நான். இடது கை மோதிர விரல் மடங்க மறுத்த பிறகு கிட்டாரைப் பெட்டியில் வைத்தேன். ஓய்வு பெற்றேன் என்று சொல்லிக்கொள்வதும் ஒரு ஜம்பம்தான். எங்கள் தொழிலில் மாலை போட்டு வழியனுப்ப யாரும் இல்லை. விரல் சொன்னது, கேட்டுக்கொண்டேன்.

பாட்டின் வரிகளுக்கு நடுவில் கிட்டார் வாசிக்கும் சின்னத் துண்டு, லிக் என்று இப்போது சொல்வதை நாங்கள் பிட் என்று சொல்வோம். எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியும், சொல்கிறேன். ஆனால் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல என்னால் முடியாது. ஒருவர் எங்கள் குழுத் தலைவர் கவுஸ் பாய். இன்னொருவர் எங்கள் பாடகி தேவகி அக்கா.

நான் பிறந்தது முசரவாக்கம். வீட்டில் நெல் விவசாயம். நான்கு பிள்ளைகளில் கடைசி என்பதால் நிலத்துக்கு என் கை தேவைப்படவில்லை. காஞ்சிபுரத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்க வந்த, சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் ஒருவரிடம் இரண்டு ஆண்டு கற்றுக்கொண்டேன். அதன் பிறகு கிட்டார்க் கழுத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு என் விரல் தடுக்காமல் ஓடியது. வேகம் வந்துவிட்டால் வித்தை வந்துவிட்டது என்று நினைக்கிற வயது. அந்த நினைப்போடுதான் கவுஸ் பாயின் குழுவில் சேரப் போனேன்.

பாயின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சரிகை வியாபாரம். அண்ணன் தம்பிகள் கடையில் உட்கார, இவர் மட்டும் கடையின் மாடியில் கீபோர்டோடு உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் ஒத்திகை. தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். வெள்ளைக் கைக்குட்டையால் கீபோர்டின் கட்டைகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை துடைப்பார். அதன் பிறகுதான் பேச்சு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது வாசித்தது பிடிக்கவில்லை என்றால் அந்தக் கைக்குட்டையை எடுத்துக் கட்டைகள் மேல் விரித்துவிடுவார். ஒத்திகை அத்தோடு நின்றது என்று பொருள். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்போம், அந்தத் துணி விரிகிற காட்சி மறக்காது.

முதல் நாள் அவர் கீபோர்டில் ஏதோ கார்டுகளைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் அதன் மேல் எனக்குத் தெரிந்த ஓட்டம் எல்லாம் ஓடினேன்.

"நல்லாதான் ஓடறேபா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. "இப்ப நான் கடைசியாப் புடிச்ச கார்டு எது?"

எனக்குத் தெரியவில்லை.

"அதுக்கு முன்னாடி புடிச்சது?"

அதுவும் தெரியவில்லை. கைக்குட்டை விரிந்தது. அந்தத் துணிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அவர் சொன்னதைத்தான் இன்று என்னிடம் கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன்.

"கார்டுன்றது மூணு வீடு. ஸ்கேல்ன்றது அந்த மூணு வீட்டையும் சேர்க்கிற தெரு. தெருவுல நடக்கலாம், ஓடலாம். உக்காரணும்னா வீட்டுக்குள்ள போய்தான் உக்காரணும். நீ நடுத்தெருவுல உக்காந்துக்கினு இருக்கிறே."

ஏ மைனர் கார்டு என்றால் ஏ, சி, ஈ என்ற மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது. அதே மூன்றையும் ஒவ்வொன்றாக மீட்டினால் ஆர்பெஜியோ. ஸ்கேல் என்பது ஏழு சுரமும் வரிசையாக. முதல் மாதம் முழுக்கப் பாய் ஒரு கார்டைப் பிடிப்பார், நான் அந்த மூன்று சுரத்தை மட்டும் வாசிக்க வேண்டும். வரிசை என் இஷ்டம், தாளம் என் இஷ்டம், நான்காவது சுரத்தைத் தொடக் கூடாது. முதல் வாரம் இது என்ன தண்டனை என்று சலித்தேன். மூன்றாவது வாரம் அந்த மூன்றுக்குள்ளேயே எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்தது. இரண்டாவது மாதம், இரண்டு கார்டு சுரங்களுக்கு நடுவில் ஸ்கேலிலிருந்து ஒரு சுரம் வைத்துக்கொள்ள அனுமதி. அதுவும் தாளத் தட்டு விழுகிற இடத்தில் அல்ல, இரண்டு தட்டுக்கு நடுவில். தட்டு விழும்போது விரல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது மாதம் கார்டு மாறும்போது என்ன செய்வது என்று வந்தது. ஏ மைனரிலிருந்து டி மைனருக்குப் போனால் இரண்டிலும் ஏ இருக்கிறது. அந்தப் பொதுச் சுரத்தில் காலை ஊன்றிக்கொண்டு அடுத்த கார்டுக்குத் தாண்டு என்பார். பிட் கட்டுவதில் இதற்கு மேல் ரகசியம் ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் பழக்கம்.

ஒன்று மட்டும் இருக்கிறது. அதைப் பாய் கடைசியில்தான் சொன்னார். மேடைப் பாட்டில் பிட் என்பது பாடுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்கிற நேரம். நான்கு எண்ணிக்கையோ எட்டு எண்ணிக்கையோ, அது முடிந்ததும் அவர் பாட வேண்டும். எந்தச் சுரத்தில் அவர் எடுக்க வேண்டுமோ அந்தச் சுரத்தில் பிட் வந்து முடிய வேண்டும்.

"உன் பிட்டுல கடைசி சுரம் உன்னுது இல்லபா" என்றார் பாய். "அது பாடறவங்களுது. அவங்க கையில குடுத்துட்டு ஒதுங்கிக்கோ."

குழுவில் சேர்ந்த மூன்றாவது வருஷம் ஒரு கோயில் திருவிழாவில் எங்கள் பாடகர் ஒருவருக்குச் சரணத்தின் வரி சுத்தமாக மறந்துபோனது. கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பதுபோல நின்றுவிட்டார். நான் ஏ மைனர் ஆர்பெஜியோவை மேலே ஏற்றி, கீழே இறக்கி, டி மைனரைத் தொட்டு, ஈ மேஜரில் திரும்பி, அவர் எடுக்க வேண்டிய சுரத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் கண் திறக்கவில்லை. மறுபடி ஒரு சுற்று. இப்படியே பதினோரு சுற்று போனது. ஜனங்கள் இதைக் கிட்டாருக்கென்று விட்ட தனி என்று நினைத்துக் கைதட்டினார்கள். பன்னிரண்டாவது சுற்றில் மனிதருக்கு வரி ஞாபகம் வந்தது. கீழே இறங்கியதும் பாய் என் தோளைத் தொட்டு, "இன்னிக்கிதான் நீ வாசிச்சே" என்றார். இப்போது பல குழுக்களில் லேப்டாப்பில் பாட்டைப் போட்டுவிட்டு அதன் மேல் பாடுகிறார்கள். லேப்டாப்போடு எனக்குச் சண்டை இல்லை, அது நேரத்துக்கு வருகிறது, பிரியாணி கேட்பதில்லை. பாடுகிறவர் தடுமாறினால் காத்திருக்க மட்டும் அதற்குத் தெரியாது.

தேவகி அக்கா குழுவுக்கு வந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஓரிக்கையில் வீடு. பகலில் பட்டு முறுக்குப் பட்டறையில் வேலை. நூல் சுற்றும் கதிர்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் சுழலும் இடம் அது. பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது. அங்கே சின்ன வயதிலிருந்து நின்றவருக்கு எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்தது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். மெதுவான பாட்டுகளில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாண வரவேற்பில் இலைக்குக் காத்திருக்கிறவர்கள்கூட அவர் பாடும்போது கொஞ்சம் பேச்சைக் குறைப்பார்கள். மேடைக்காரனுக்கு அதைவிடப் பெரிய விருது எதுவும் கிடையாது.

சில வருஷம் கழித்து ஒரு ஒத்திகை முடிந்ததும் சரிகைக் கடைப் படிக்கட்டில் அக்கா என்னை நிறுத்தினார்.

"ஏகாம்பரம், ஒண்ணு கேக்கணும். பிட்டை நீ மேல் தந்தியில முடிக்கிறியே, அத கொஞ்சம் கீழ முடிக்க முடியுமாபா?"

"முடியும்க்கா. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குதோ இல்லையோ எனக்குத் தெரியலை. மேல போனா கொசு கத்தற மாதிரி கேக்குது. எந்த சுரம்னு புரியலை." சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார். "பட்டறை சத்தத்துல காது போய்க்கினு இருக்குது. இப்ப அரை நாள்தான் போறேன், காதுல கழிவுப் பட்டு நூலை சுருட்டி அடைச்சிக்கினுதான் நிக்கிறேன். பாய்கிட்ட சொல்லிடாதே."

தோளில் இருந்த கிட்டாரைக் கீழே இறக்கி வைத்தேன்.

"பாட்டு போய்ட்டா நான் வெறும் பட்டறைக்காரிதான்பா. மேடையில நிக்கிற ரெண்டு மணி நேரம்தான் நான் யாருன்னு எனக்கே தெரியுது. நீ சுரத்த குடுத்தியானா நான் புடிச்சிக்குவேன். ஒரு தடவ புடிச்சிட்டா அப்பறம் வுட மாட்டேன்."

அன்றிலிருந்து ஆறு வருஷம் நான் அக்காவுக்காகத்தான் பிட் கட்டினேன். மூன்றாவது, நான்காவது தந்தியை விட்டு மேலே போக மாட்டேன். கார்டு சுரங்களை ஒவ்வொன்றாக, நிதானமாக வைப்பேன். ஸ்கேலிலிருந்து எடுப்பதைக் குறைத்துவிட்டேன், ஏனென்றால் நடுவில் வரும் சுரங்கள் அவரைக் குழப்பின. தந்தியை வளைக்க மாட்டேன், விரலை அசைக்க மாட்டேன், இரண்டும் சுரத்தை நகர்த்தும். அவர் எடுக்க வேண்டிய சுரம் வந்ததும் அரை எண்ணிக்கை முன்னாலேயே நிறுத்தி, அதை மட்டும் ஒலிக்க விடுவேன். அவர் மேடையின் முன்னால் நிற்பார், என்னைப் பார்க்க முடியாது. அந்த அரை எண்ணிக்கையில் அவர் தோள் லேசாக இறங்கும். பிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஆறு வருஷத்தில் ஒரு கச்சேரியிலும் அவர் சுரம் தவறவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத பெருமை மெல்ல மெல்லக் கசந்துவிடும் என்பதை நான் அப்போது அறியவில்லை. வேறு குழுக்களில் புதிதாக வந்த கிட்டார்காரர்கள் மின்னல் வேகத்தில் வாசித்தார்கள். "ஏகாம்பரம் அண்ணன் எல்.கே.ஜி. பாட்டு வாசிக்கிறாரு" என்று ஒருவன் என் காது படவே சொன்னான். சிரித்துவிட்டுப் போனேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நானும் வேகமாக வாசித்துப் பார்த்தேன். விரல் எதையும் மறந்திருக்கவில்லை.

அந்த வரவேற்பு ஓரிக்கை போகும் சாலையில் உள்ள ஒரு மண்டபத்தில் நடந்தது. பட்டு வியாபாரக் குடும்பம், நல்ல கூட்டம். மேடையேறும் முன் எங்கள் டிரம்மர் என்னிடம் கிசுகிசுத்தார்.

"முன்வரிசையில நீலச் சட்டை பாத்தியா? மாப்பிள்ளைக்கு சித்தப்பா முறை. சென்னையில ரெக்கார்டிங்குக்கு ஆள் புடிக்கிறவரு. கிட்டாருக்கு ஆள் தேடிக்கினு இருக்கிறாராம்."

நான் தலையாட்டிவிட்டுத் தந்திகளைச் சுருதி சேர்த்தேன்.

ஏழு மணி வாக்கில் அக்காவின் பாட்டு வந்தது. ஏ மைனரில் மெதுவாக நடக்கும் பாட்டு. சரணத்துக்கு முன்னால் எட்டு எண்ணிக்கை எனக்கு. முதல் நான்கு டி மைனர், அடுத்த நான்கு ஈ மேஜர், அதன் பிறகு அக்கா ஈ சுரத்தில் எடுக்க வேண்டும். முதல் சரணத்துக்கு எப்போதும்போல் வாசித்தேன். கீழ்த் தந்தியில் டி, எஃப், ஏ. பிறகு ஜி ஷார்ப், பி, கடைசியில் ஈ. அக்காவின் தோள் இறங்கியது. அருமையாகப் பாடினார். நான் நீலச் சட்டையைப் பார்த்தேன். அவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரணத்துக்கு முன்னாலும் அதே எட்டு எண்ணிக்கை. நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். டிரம்மர் சொன்ன நிமிஷத்திலிருந்தே என் விரலுக்குத் தெரியும். டி மைனர் ஆர்பெஜியோவைக் கீழ்த் தந்தியில் தொடங்கி ஒரே மூச்சில் மேலே இழுத்தேன். ஈ மேஜர் வந்ததும் ஜி ஷார்ப், பி, டி, எஃப் என்று படிப்படியாக ஏறி, கிட்டாரின் பதினேழாவது கட்டத்தில் உச்சியிலுள்ள ஏ சுரத்தைப் பிடித்து விரலால் உலுக்கி நிறுத்தினேன். வாலிபர்கள் சிலர் விசிலடித்தார்கள். நீலச் சட்டை போனை விட்டுத் தலையை நிமிர்த்தினார்.

அக்காவின் தோள் இறங்கவில்லை. முதல் தட்டு போய்விட்டது. இரண்டாவது தட்டில் அவர் ஏதோ ஒரு சுரத்தைப் பிடித்தார், அது எங்கள் யாருடைய சுரமும் அல்ல. பிடித்தால் விட மாட்டேன் என்று சொன்னவர் இல்லையா, அந்தத் தவறான சுரத்தையும் விடாமல் ஒரு வரி முழுக்கப் பாடினார். முன்வரிசைத் தலைகள் திரும்பின. யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அக்காவுக்குக் கேட்டிருக்காது, முகங்கள் தெரிந்திருக்கும். குரல் நடுங்கத் தொடங்கியது.

பாய் கையை உயர்த்தி வாத்தியங்களை நிறுத்தினார். எழுந்து அக்காவின் பக்கத்தில் போய் மைக்கை வாங்கினார்.

"மன்னிக்கணும். கீபோர்டுல டிரான்ஸ்போஸ்னு ஒரு பட்டன் இருக்குது, சுருதியை ஏத்தி இறக்கறது. என் கை பட்டு மாறிட்டுது. தப்பு என்னுது. பாடகி மேல ஒரு குறையும் கிடையாது. சரணத்த மறுபடி எடுக்கிறோம்."

திரும்பி வரும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். "மூணு சுரம்" என்றார். அவ்வளவுதான்.

நான் மூன்று சுரம் வாசித்தேன். அவரும் தன் பங்குக்கு அந்த ஈ சுரத்தைக் கீபோர்டில் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டார். அக்கா பாடி முடித்தார். நன்றாகத்தான் பாடினார். பிறகு வந்த இரண்டு பாட்டுகளை உடம்பு சரியில்லை என்று சொல்லி வேறு பாடகிக்குக் கொடுத்துவிட்டார்.

சாமான்களைக் கட்டும்போது நான் பாயிடம் போனேன். "பாய், பட்டன் மேல உங்க கை படலை."

"பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். கீபோர்டைத் துடைத்துக்கொண்டே பேசினார். "ஆறு வருஷமா உன் கிட்டார் ஆம்ப்ளிஃபையரை அந்தம்மாவோட வலது காதுக்கு நேரா வெக்கிறேனே, ஏன்னு நெனச்சே? மேடையில வேற இடம் இல்லாமயா?"

அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஊருக்கு எதுவும் தெரிய வேணாம். பட்டன் கதையே இருக்கட்டும். நீ அந்தம்மாகிட்ட மட்டும் போய் சொல்லு, சுரத்த நான்தான் குடுக்கலைன்னு. இன்னிக்கே சொல்லிடு."

பின்வாசலில் அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே பேசினார்.

"நீ எப்பவும் போல குடுத்திருப்பேபா. எனக்குத்தான் ஒண்ணுமே வுழலை. வெறும் கொசு சத்தம்தான். காது மொத்தமா முடிஞ்சிட்டுது போல." கண் கலங்கவில்லை. அதற்கான தயாரிப்பை எப்போதோ முடித்துவிட்டவர்போல இருந்தார். "பாய் பாவம், எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கினாரு."

நான் வாயைத் திறந்தேன். "அக்கா" என்றுகூடச் சொன்னேன். அதற்குள் பின்னாலிருந்து, "லீட் கிட்டார் வாசிச்சது நீங்கதானே" என்று ஒரு குரல். நீலச் சட்டை, கையில் விசிட்டிங் கார்டு. நான் திரும்பினேன். பேசி முடித்து மறுபடி பார்த்தபோது அக்கா ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தார்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா ஒத்திகைக்கு வரவில்லை. தொண்டை சரியில்லை, இனிமேல் பாடுவதாக இல்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். பாய் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன் பாய்" என்றேன்.

"சொல்லியும் வரலைன்னா அது அவங்க முடிவு. நாம கட்டாயப்படுத்தக் கூடாது" என்றார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் மிகச் சின்னது அது. இரண்டு சொல். அதை நம்பித்தான் பாய் அக்காவைத் தேடிப் போகவில்லை.

சென்னைக்குப் போனேன். சில மாதம் சில ரெக்கார்டிங்குகளில் வாசித்தேன். அவர்களுக்கு வேண்டியதை வாசித்தேன், காசு கொடுத்து அனுப்பினார்கள், பிறகு கூப்பிடுவது குறைந்தது. பாயிடமே திரும்பி வந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் எனக்கு இடம் கொடுத்தார். அக்கா மறுபடியும் பட்டறைக்கு முழு நாள் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். காதில் எதுவும் அடைத்துக்கொள்வதில்லையாம். பாடப் போவதில்லை, இனி இந்தக் காதுக்கு என்ன காவல் என்று சொன்னாராம். அப்போதும் ஓரிக்கைக்குப் போகவில்லை. என் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர்கூட இல்லை.

பாய் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. எங்கள் தொழிலில் இப்போதும் ஒரு கதை சொல்லிச் சிரிக்கிறார்கள். அவ்வளவு கறாரான கவுஸ் பாயே ஒரு கல்யாணத்தில் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டுப் பாடகியைக் கவிழ்த்தார், நாமெல்லாம் எம்மாத்திரம் என்று. என்னிடம் எழுதக் கேட்டு வந்த இருவரும் அந்தக் கதையைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அவர்கள் போன பிறகு எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

போன மாதம் ஓரிக்கைக்குப் போனேன். அக்காவின் மருமகள் கதவைத் திறந்து, "கத்திப் பேசுங்கண்ணே, ஒண்ணும் காதுல வுழாது" என்றார். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. நான் விரலைக் காட்டினேன், மடங்குவதில்லை என்று சைகை செய்தேன். அந்த விரலைத் தன் கையில் எடுத்துத் தடவிக் கொடுத்தார். பிறகு மருமகளிடம், காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரலில் சொன்னார்.

"என் காது போற வரைக்கும் எனக்கு சுரம் குடுத்தது இவன்தான். ஆறு வருஷம். ஒரு நாள்கூட மாறினதில்ல."

நான் சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் கத்தித்தான் சொல்ல வேண்டும். மருமகள் நிற்கிறார், வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். அப்படி ஒன்றைக் கத்திச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "மலர்ல உங்களப் பத்தி எழுதட்டுமாக்கா?" என்று மட்டும் கத்தினேன்.

"எழுதுபா. காது போனதையும் எழுது. இனிமே அதுல என்னா வெட்கம்" என்றார். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

லிக் எப்படிக் கட்டுவது என்று கேட்டவர்களே, அன்று நான் வாசித்ததை இன்றும் எழுதிக் காட்ட முடியும். டி மைனர் ஆர்பெஜியோ சுத்தமானது. ஜி ஷார்ப்பிலிருந்து ஏறியதும் முறைப்படி சரி. கடைசியில் நின்ற ஏ சுரம், அடுத்து வரும் ஏ மைனர் கார்டின் வீட்டுக்குள்தான் இருக்கிறது. எந்த ஆசிரியரும் அதில் ஒரு சுரத்தைக்கூட அடித்துத் திருத்த மாட்டார். உங்கள் மலருக்கு நான் சொல்லித் தருவது இவ்வளவுதான்.

மீதி தேவகி அக்காவுக்கு. இந்த மலர் வந்ததும் முதல் பிரதியை ஓரிக்கைக்குக் கொண்டுவந்து உங்கள் கையில் நானே கொடுப்பேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். பாயின் கை எந்தப் பட்டனிலும் படவில்லை. நீங்கள் பாட்டை விட்ட அன்று உங்கள் காது முடிந்துவிடவில்லை, அக்கா. நான் சுரத்தைக் கொடுக்கவே இல்லை.